முதல் மலை

முதலில் கெடுதல் செய்தவன் பொங்கியண்ணன்தான். அதற்கப்புறம் நாச்சிமுத்துவுக்குக் கெடுதல் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பெண் கேட்டுப் போன வீட்டில், லாரிக்காரனுக்கா கொடுக்கப் போகிறீர்கள் என்று காதைக் கடித்த பங்காளி, வழுக்கை டயரை மாட்டி மழைக்காலத்தில் தூரத்து லோடுக்கு அனுப்பிய முதலாளி, அம்மா சாவுக்கு லீவு கேட்டபோது உங்களுக்கெல்லாம் எத்தனை அம்மாய்யா என்று கேட்ட மேனேஜர், எல்லோரும் அவர் மனசுக்குள் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவரையும் அவர் வெளியே விட்டதில்லை. ஆனால் வரிசையின் முன்னால் நிற்பவன் பொங்கியண்ணன். அந்தப் பொங்கியண்ணன், இப்போது இந்தப் பள்ளிக்கூட வண்டிகளுக்குப் பொறுப்பாளன், நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறான், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கண்ணாடிக் கூடு, மதியச் சாப்பாட்டின் மயக்கத்தில் பாதி மூடிய கண். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. பிள்ளைகள் பிள்ளைகளை வதைப்பதைத் தடுப்பது எப்படி என்று எல்லோருக்கும் பயிற்சி, வாத்தியார்களிலிருந்து மெஸ் ஆட்கள் வரைக்கும், வராதவர்களுக்குச் சம்பளப் பிடித்தம் என்று சொல்லி வரச் சொல்லிவிட்டார்கள். காலையில் வழக்கம்போல டிரைவர்கள் எல்லோரும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பயிற்சி கொடுக்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த ரெஜினா மேடம்தான், வரிசையெல்லாம் வேண்டாம், நாற்காலியை வட்டமாகப் போடுங்கள், கலந்து உட்காருங்கள் என்று சொல்லிவிட்டது. அதனால் நாச்சிமுத்துவின் வலப்பக்கம் கணக்கு டீச்சர், இடப்பக்கம் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பாவாயி, எதிரே பொங்கியண்ணன். இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவர் அவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. காலையில் ஷெட்டில் சாவி வாங்கும்போது சாவியைப் பார்ப்பார், சாயங்காலம் சாவி கொடுக்கும்போது ஆணியைப் பார்ப்பார். இன்றைக்குத் தப்ப வழியில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் மேடம் சொன்னதிலிருந்தே அவருக்கு அதே நினைப்பு, சாம்பார் சாதத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டார். மைக் வட்டமாகச் சுற்றி வரும், ஒவ்வொருவரும் எழுந்து ஒன்று சொல்ல வேண்டும். உங்களை யாராவது அப்படி நடத்தியதோ, நீங்கள் யாரையாவது அப்படி நடத்தியதோ, பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததோ, எதுவானாலும் சரி, செய்ததைச் சொன்னாலும் இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டோம் என்றது மேடம். நாச்சிமுத்து அப்போதே மனசுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டார். மைக் மேடைப் பக்கமிருந்து கிளம்பி, பி.டி. வாத்தியார், நூலகத்து அம்மா என்று வந்து, தனக்கு முன்னால் அவனிடம்தான் போய்ச் சேரும். அவன் எழுந்து நிற்பான். ஒரு வார்த்தை. தப்புத்தான்டா, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மீசை முளைக்காத வயதிலிருந்து அவர் காத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைக்காக. அது இன்றைக்கு வந்தாலும் வரும். வராமல், அவன் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னால்? டீக்கடைகளில் சொன்ன மாதிரி, ஷெட்டில் சொன்ன மாதிரி? இத்தனை பேரும் சிரித்தால்? அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முதுகில் ஈரச்சாக்கைப் போட்ட மாதிரி இருக்கும். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு மேல் ஃபேன் நன்றாக ஓடியது. அதை யார் போட்டுவிட்டார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பண்ணாரிக் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார்கள் அன்றைக்கு, லாரிக்கு டிரைவர் பொங்கியண்ணன். சங்ககிரியில் ஏற்றிய சிமெண்டு, மைசூருக்கு. அஞ்சாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஆடு மேய்த்த நாச்சிமுத்துவுக்கு, கிளீனராகச் சேர்ந்து முதல் லோடு, முதல் மலை. செக்போஸ்ட் தாண்டியதும் பொங்கியண்ணன் வண்டியை ஓரங்கட்டி, இறங்குடா என்றான். புதுக் கிளீனர் திம்பம் மலையை உட்கார்ந்துகொண்டு ஏறக் கூடாது, அது வண்டிக்காரர்கள் வழக்கம், சக்கரத்துக்கு அடியில் போடுகிற கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும், நான் கட்டை போடு என்று கத்தினால் போட வேண்டும், மேலே டீக்கடையில் உனக்கு பன்னும் டீயும் வாங்கித் தருவார்கள், அப்புறம்தான் நீ கிளீனர். கட்டை போடுவது நிஜமான வேலைதான், லோடு வண்டி ஏற்றத்தில் நின்று பின்னால் உருண்டால் அந்தக் கட்டைதான் உயிர், அதனால் அவர் நம்பினார். புளியங்கட்டை, மழையில் நனைந்து இரும்பாகக் கனத்தது. முதல் கியரில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஏறியது, முதல் இரண்டு வளைவு கூடவே ஓட முடிந்தது. கட்டை போடு என்று குரல் வரும். ஓடிப்போய்க் குனிந்து வைக்கப் போனால் வண்டி ஒரு முழம் நகர்ந்துவிடும். மறுபடி குனிந்தால் மறுபடி நகரும். கேபினில் இருந்து பொங்கியண்ணனும் கூட்டாளிகளும் சிரிக்கிற சத்தம். எதிரே இறங்கி வந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள், அவர்களுக்கு இது என்னவென்று தெரியும், ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள், கல்யாண வண்டிக்கு அடிப்பதுபோல. ஏதோ ஒரு வளைவில் நிஜமாகவே வைத்துவிட்டார், அதே நேரம் வண்டி பின்னால் கொஞ்சம் உருண்டது, கட்டை புரண்டு இடது கால் விரல்மேல் விழுந்தது. கத்தினார். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்தார்களோ என்னவோ, வண்டி நிற்கவில்லை. வளைவில் திரும்பிப் போயிற்று. கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது, அப்புறம் மழைச் சத்தம் மட்டும். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மூங்கில் முறிகிற சத்தம் கேட்கிறதா என்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யானை வந்தால் கட்டையைப் போட்டுவிட்டு ஓடலாமா, ஓடினால் கட்டை போய்விட்டதென்று அடிப்பானோ, இதுதான் அப்போது யோசனை. யானையைவிட அவனுக்குத்தான் பயந்தார், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ரெஜினா மேடம் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தது. வகுப்பறையில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை, பெல் அடித்து அடுத்த வாத்தியார் வருவதற்குள் இருக்கிற இடைவெளியில், பாத்ரூமுக்குப் பின்னால், ஹாஸ்டல் குழாயடியில், பஸ்ஸின் கடைசி சீட்டில்தான் நடக்கிறது, அங்கெல்லாம் பெரியவர் ஒருவர் கண் இருந்தாக வேண்டும், இந்த வருஷம் பஸ்ஸில் பாவாயி அக்காவும் மற்றவர்களும் முன்னால் இன்ஜின் பக்கம் உட்காராமல் பின்னால் உட்காரட்டும் என்றது. பாவாயி, பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வருமே மேடம் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், மேடமும் சிரித்து, எலுமிச்சம்பழம் நான் வாங்கித் தருகிறேன் என்றது. அப்புறம் பட்டப்பேரைப் பற்றிப் பேசியது. கூப்பிடுகிறவர் பிரியமாகத்தான் கூப்பிடுகிறார், ஆனால் கூப்பிடப்படுகிறவருக்கு அது பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டோமா என்றது. நாச்சிமுத்து காலைப் பார்த்துக்கொண்டார். திம்பத்து டீக்கடையில் பொங்கியண்ணன் வைத்த பேர், கட்டை. லாரி போகிற ஊர்களுக்கெல்லாம் அவருக்கு முன்னால் அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பந்தலில் கட்டைக்கு ஒரு இலை போடுங்கப்பா என்றார்கள். இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாளே ஷெட்டில் அவன் அப்படிக் கூப்பிட்டான், டிரைவர்கள் கூப்பிட்டார்கள், பாவாயி கட்டையண்ணா என்றாள், இப்போது யூ.கே.ஜி. பிள்ளைகள் படியேறும்போதே கட்டைத் தாத்தா, குட்மார்னிங் என்கின்றன. பிள்ளைகள்மேல் அவருக்குக் கோபமில்லை. அந்தக் குரலில் கூப்பிட்டால் எந்தப் பேரும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கோ ஒரு மழையில் எறிந்த கல் இத்தனை வருஷம் உருண்டு வந்து இந்தப் பிஞ்சு வாயில் விழுந்திருக்கிறதே என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நினைப்பார். இந்தப் பெண், திருச்சியில் எங்கேயோ பிறந்து எங்கேயோ படித்தது, இதை எப்படிக் கேட்டது? பிடித்திருக்கிறதா என்று, யாராவது கேட்டோமா என்று. அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம். கும்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு போன அந்த ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றது. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிமிரும். பின்னால் ஏறி வந்த வண்டி, மூட்டைக்கு மேல் மூட்டையாக முழு லோடு. ஏற்றத்தில் முழு லோடு வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் மறுபடி எடுக்கக் கிளட்ச் கருகும், வண்டி பின்னால் போகும், பின்னால் வருகிறவன் அம்மாவை இழுத்துத் திட்டுவான். நிற்காமல் போனவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, அவரவர் லோடு அவரவருக்கு. அப்படியும் ஒருவர் நிறுத்தினார். கைலி கட்டிய ஆள், தாடி, இறங்கி வந்து மடியிலிருந்த கட்டையை எடுத்தார், தன் வண்டிச் சக்கரத்துக்கே அதைப் போட்டார், அப்புறம்தான் காலைப் பார்த்தார். யார் பெத்த பிள்ளையோ என்று தன் தோள்துண்டைக் கிழித்து விரலைக் கட்டினார். சிக்கந்தர் பாய், வாணியம்பாடிக்காரர். மறுபடி வண்டியை எடுக்க அரைமணி நேரம் போராடினார்கள், பின்னால் வண்டிகள் வளைவு வளைவாக நின்றன, பாய் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. மேலே டீக்கடையில் பொங்கியண்ணனும் கூட்டாளிகளும் பெஞ்சியில் உட்கார்ந்து, வந்துட்டான்டா கட்டை என்று கை தட்டினார்கள். பாய் அந்தக் கட்டையைக் கொண்டுபோய்ப் பொங்கியண்ணன் காலடியில் போட்டு, "இதைத் தூக்கிக்கிட்டு நீ கீழ போய்ட்டு வா, உனக்கு நான் பன்னு வாங்கித் தர்றேன்" என்றார். அன்றிலிருந்து நாச்சிமுத்து பாய் வண்டியில்தான் போனார். பாய் செத்தபோது நாச்சிமுத்து அஸ்ஸாமில் எங்கேயோ லோடுக்கு நின்றுகொண்டிருந்தார், செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாயிடம் ஒரு நாள்கூட வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. அப்போதெல்லாம் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறதென்றே தோன்றவில்லை, பாய்க்குப் பீடி வாங்கிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

மைக் நூலகத்து அம்மாவிடம் வந்துவிட்டது. அந்த அம்மா அழுதுகொண்டே ஏதோ சொன்னது, கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சியது. நாச்சிமுத்துவுக்குக் காதில் விழவில்லை. எதிரே அவன் கண்ணாடியை எடுத்து மாட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டட்டும். மாட்டிக்கொண்டாவது என்னைப் பார்க்கட்டும். இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவன்தான், அதுதான் தொண்டையில் மாட்டிய முள். லாரி ஓட்ட உடம்பு ஒத்துக்கொள்ளாமல், வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி கண்ணாத்தாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவனாக ஆள் அனுப்பி, கட்டையை வரச் சொல்லு, ஸ்கூல் வண்டி இருக்குது என்றான். அந்தச் சோற்றைத்தான் தின்கிறார், மகள் பேறுகாலத்துக்கு அதுதான் ஆயிற்று. அவரு தயவுல கஞ்சி குடிக்கிறோம், இன்னும் என்ன வன்மம் வச்சுக்கிட்டு என்று கண்ணாத்தாள் கேட்பாள். வேலைக்கு நன்றி இருக்கிறது. ஒவ்வொரு மாசமும், சம்பளம் வாங்குகிற அன்றைக்கு, மனசுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போடாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அது வேறு, இது வேறு. சோறு போட்டவன் என்பதால் விரலை நசுக்கியது இல்லை என்று ஆகிவிடுமா? அவன் அப்படித்தான் நினைத்திருப்பான், வேலை கொடுத்ததோடு சரியாகிவிட்டதென்று. கேட்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். கேட்டுக்கொண்டிருப்பதை அவன் கொடுக்கவே இல்லையே.

பொங்கியண்ணன் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தான். "எங்க காலத்துல இதெல்லாம் எங்கீங்க மேடம்" என்று ஆரம்பித்தபோதே நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் மலையைச் சொன்னான். அதே கதை, அதே ஏற்ற இறக்கம், குனிந்தால் வண்டி நகர்வதைக் கையால் காட்டினான், மைக்கை லாரி ஹாரன் மாதிரி வாயில் வைத்துச் சத்தம் கொடுத்தான். விரல் நசுங்கியது அதில் இல்லை. பாய் இல்லவே இல்லை. "அப்படியெல்லாம் வளர்ந்தவன்தானுங்க இன்னைக்குக் குத்துக்கல்லு மாதிரி இருக்கறான், இதா, எதுத்தாப்ல உக்காந்திருக்கறானே, நம்ம கட்டை" என்று கையை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. சிரித்துவிட்டு, எப்போதும் இந்த இடத்தில் வருகிற சிரிப்புக்காக நிறுத்தினான்.

வரவில்லை. நாச்சிமுத்து தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார், ஈரச்சாக்கு விழவில்லை. மெல்லத் தலையைத் தூக்கினார். டிரைவர் பையன்கள், ஷெட்டில் இதே கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஸ் மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். காலையில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், சத்தியமாகச் சிரித்திருப்பார்கள், இந்த அரைப்பகலில் இவர்களுக்கு என்ன ஆயிற்று? அந்த மௌனம் அவருக்குச் சுடச்சுடக் கஞ்சி குடித்த மாதிரி உள்ளே இறங்கியது. மேடம் மெதுவாக, உங்களுக்கும் அந்த முதல் மலை நடந்ததா சார் என்று கேட்டது. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் கழற்றாமல் கிடந்தது, "நடந்ததுங்க, யாருக்குத்தான் நடக்கல, எனக்கு பன்னுகூட வாங்கித் தரலீங்க" என்றான். கடைசி வார்த்தை கொஞ்சம் உடைந்தது. அப்போதுதான் நாச்சிமுத்து அவன் முகத்தை நேராகப் பார்த்தார். கழுத்துச் சதை தொங்கியிருந்தது, கண்ணாடிக்குள் கண் பெரிசாகத் தெரிந்தது. இவனும் கட்டை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். இவனுக்கும் யாரோ ஒருத்தன் சொல்ல வேண்டியது நின்றுபோயிருக்கிறது, அந்த ஆளிடம் கேட்கத் தைரியமில்லாமல் என்னிடம் வந்து வசூல் செய்திருக்கிறான். பாவம் என்று வந்தது மனசில். வந்ததும் அவரே அதைப் பிடித்து நிறுத்தினார். பாவந்தான். அதுக்காக? அந்த ஆளை இவன் பிடிக்கட்டும், என்னுடையதை இவன் கொடுக்கட்டும். மேடம் இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா சார் என்று கேட்டுக் காத்திருந்தது. அவ்வளவு பெரிய ஹால் முழுவதும் காத்திருந்தது. பொங்கியண்ணன் மைக்கை அப்படி ஒரு தரம், இப்படி ஒரு தரம் பார்த்தான். "இல்லீங்க மேடம்" என்று உட்கார்ந்துவிட்டான்.

மைக் சுற்றி வந்தது. பாவாயி வாங்கி, என்னமோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அவரிடம் நீட்டினாள். "நாச்சிமுத்தண்ணா, இந்தாங்க" என்றாள். அவள் வாயில் அந்தப் பேர் வந்து அவர் கேட்டதே இல்லை, அவளுக்கு அது தெரியும் என்றே அவருக்குத் தெரியாது. எழுந்து நின்றார். சொல்ல எவ்வளவோ இருந்தது, மலை முழுக்க இருந்தது, விரலைப் பற்றிச் சொல்லலாம், இன்னார் சொன்னதில் இன்னது விட்டுப்போயிற்று என்று சொல்லலாம், வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் பேர் பேராக வெளியே கூப்பிட்டு நிறுத்தலாம். எதிரே கண்ணாடிக்குள் அந்தப் பெரிய கண் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் வைத்து வாங்கினால் அது கொடுத்ததாக ஆகாது, பிடுங்கியதாக ஆகும் என்று தோன்றியது. "எம் பேரு நாச்சிமுத்துங்க" என்றார். குரல் ஸ்பீக்கரில் வேறு யாருடையதோ போலக் கேட்டது, ஆனால் நன்றாக இருந்தது. "அந்த மலையில எனக்காக லோடு வண்டிய நிறுத்துனவரு பேரு சிக்கந்தர் பாய். அவருக்கு நான் நன்றி சொன்னதில்லைங்க. இப்பச் சொல்லிக்கறேன்." அதற்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை, அது அவருக்குப் பிடித்திருந்தது. கணக்கு டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தது. குடித்தார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. பாய்க்கு, பாவாயிக்கு, இந்த டீச்சருக்கு, சிரிக்காமல் இருந்த பையன்களுக்கு, திருச்சிக்காரப் பெண்ணுக்கு என்று ஒவ்வொரு மடக்காக இறக்கினார். இத்தனை பேருக்கு நன்றியாக இருக்க ஒருத்தனுக்கு ஒரு நாளில் முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. நெஞ்சில் இடம் போதவில்லை. அப்படியும் அந்த ஒரு வார்த்தைக்கான மூலை மட்டும் காலியாக, பெருக்கிக் கோலம் போட்டு வைத்த மாதிரி அப்படியே கிடந்தது.

டீ இடைவேளையில் எல்லோரும் வெளியே வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். பொங்கியண்ணன் இரண்டு பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி இவரிடம் வந்தான். கட்டை என்றும் கூப்பிடவில்லை, பேர் சொல்லியும் கூப்பிடவில்லை, "ஏப்பா" என்று ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டார். இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். இந்த வருஷம் புது வண்டி ஒன்று வருகிறது, பவர் ஸ்டியரிங், பையன்கள் எல்லோரும் அதற்குத்தான் கண் வைத்திருக்கிறார்கள், அதை உனக்குத்தான் எழுதப் போகிறேன் என்று பொங்கியண்ணன் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நாச்சிமுத்துவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "ரொம்ப நன்றிங்கண்ணா" என்றார், மனசாரத்தான் சொன்னார்.

"அப்பறம் என்னப்பா, சரியாப் போச்சா?"

"வண்டி சரியாப் போச்சுங்கண்ணா. அது பாக்கிங்க."

எது என்று பொங்கியண்ணன் கேட்கவில்லை. வாய் திறந்தது, உதடு எதையோ தேடுகிற மாதிரி அசைந்தது, டீ கப்பின் விளிம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தான். உள்ளே மேடம் எல்லோரையும் கூப்பிட்டது. பையன்கள் கப்பை எறிந்துவிட்டுப் போனார்கள், பாவாயி போனாள். நாச்சிமுத்து நகரவில்லை, நிதானமாகக் கடைசி மடக்கைக் குடித்தார்.

"மெதுவாச் சொல்லுங்கண்ணா. நான் எங்கயும் போயிர மாட்டேன்."